மூன்றாவது நிமிடம்

கதவு இன்னும் திறக்கவில்லை. உள்ளே ஆஸ்பத்திரி மீட்டிங்கில் கேன்டீன் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அதற்கு முன்னால் வண்டி நிறுத்தும் இடம், அதற்கும் முன்னால் வாசலில் வைக்கப்போகிற புதிய பெயர்ப்பலகை, அடுத்தது நான், இல்லையென்றால் அதற்கு அடுத்தது. பத்து நாற்பதிலிருந்து மூன்றாவது மாடியில் இந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். கையில் பென்டிரைவ். யூனிஃபார்ம் பாக்கெட்டில் போடலாம்தான், ஆனால் விரல் விடமாட்டேன் என்கிறது, உள்ளங்கை வியர்த்து அதுவும் நனைந்துபோயிற்று, நனைந்தால் கெட்டுவிடுமா, கெட்டால் ரெக்கார்டு ரூம் ஹாஜிராவின் மெயிலில் ஒன்று இருக்கிறது, அதுவும் போனால் என் தலைக்குள் இருக்கிறது, ஆறு ஸ்லைடுதானே, சுவரைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடுவேன். நிகழ்ச்சித் தாளில் என்னை ஐந்தாவதாகப் போட்டிருக்கிறார்கள், தொற்றுக் கட்டுப்பாடு, சிஸ்டர் தமயந்தி, ஏழு நிமிடம். பெயர்ப்பலகைக்குப் பதினைந்து நிமிடம். பரவாயில்லை. எனக்கு ஏழு போதும். நேற்று ஆறு நிமிடம் ஐம்பது நொடியில் முடித்தேன், முந்தாநாள் ஏழு நிமிடம் பத்து நொடி, போன ஏப்ரலில் நாற்பது நிமிடம் கொடுத்திருந்தாலும் முடித்திருக்க மாட்டேன். இந்த முறை விடப்போவதில்லை. அவர்கள் எழுந்து போனாலும் காலி நாற்காலிகளிடம் சொல்லிவிட்டுத்தான் கீழே இறங்குவேன், அப்படித்தான் காலையில் பஸ் ஏறும்போது நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஏப்ரலை நினைக்கக் கூடாது என்றால் ஏப்ரல்தான் வரும். நாற்பத்தியொரு ஸ்லைடு. நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகப் பறந்து வந்து உட்காரும், அதை நானே செய்தேன், இரண்டு ராத்திரி உட்கார்ந்து செய்தேன், அழகாக இருக்கிறது என்றும் நினைத்தேன், ஐயோ. முதல் ஸ்லைடில் உலக உருண்டை. எங்கள் ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தைகள் வார்டில் கை கழுவ வாஷ்பேசின் பக்கத்தில் இல்லை என்று சொல்ல உலக உருண்டை எதற்கு? கடைசியில் ரோஜாப்பூ போட்டு நன்றி என்று ஒரு ஸ்லைடு வைத்திருந்தேன், அது வரைக்கும் போகவே இல்லை. ஒன்பதாவது ஸ்லைடில் டைரக்டர் டாக்டர் வைத்தீஸ்வரன் கையைத் தூக்கினார். கோபமில்லை, அதுதான் வலித்தது, அவ்வளவு தன்மையாகச் சொன்னார், "சிஸ்டர், ரிப்போர்ட்டை மேட்ரன்கிட்ட குடுத்துருங்க. நாங்க பாத்துக்கிடுதோம்." நான் இன்னும் ஒரு எழுத்து பறந்து வந்து உட்காரக் காத்திருந்தேன். அது உட்கார்ந்ததும் புரொஜெக்டர் மெஷினை அணைத்தேன். மேட்ரன் ரோஸலின் மேடம் என்னைப் பார்க்காமல் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்கள். ரிப்போர்ட்டைக் கொடுத்தேன், அது எந்த அலமாரியில் இருக்கிறதோ. இருபத்தொன்பதாவது ஸ்லைடில் இருந்தது ஒரு அட்டவணை, அதில் பதினான்காவது வரிசை, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன எழுத்து. அந்த வரிசையை யாரும் பார்க்கவில்லை. பார்க்காததில் எனக்கு அன்றைக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைத்தான் நான் மன்னிக்கவில்லை, பறக்கிற எழுத்தைக்கூட மன்னித்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் பழகத் தொடங்கினேன். யாரும் சொல்லவில்லை. மதியம் ஒன்றேகாலிலிருந்து ஒன்றே முக்கால் வரை, சாப்பாட்டு நேரம், பழைய கேஸ்ஷீட்டுகள் அடுக்கியிருக்கும் ரெக்கார்டு ரூம். அங்கே ஹாஜிரா பானு இருக்கிறாள், என்னைவிடப் பத்து வயது சின்னவள், கம்ப்யூட்டர் அவளுடையது, அதனால்தான் முதலில் அங்கே போனேன். அவளுக்கு நர்சிங் தெரியாது, ஸ்லைடும் தெரியாது, ஆனால் புரியாததைப் புரிந்த மாதிரி தலையாட்ட மாட்டாள். "யக்கா, இதுல நான் எதைப் பாக்கணும்?" முதல் நாள் அவள் கேட்டது இது ஒன்றுதான். நான் பெருமையாகக் காட்டிய அட்டவணையில் பன்னிரண்டு மாதம், ஏழு கட்டம், நான்கு நிறம். எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்றேன். "எல்லாத்தையும்னா ஒண்ணையும் பாக்க மாட்டாவளே," என்று சோற்றைப் பிசைந்தாள். எரிச்சலாக வந்தது. மறுநாள் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. வீணாய்ப்போன கேஸ்ஷீட் தாள்களின் பின்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு தாளுக்கு ஒரே ஒரு விஷயம் என்று எழுதி அலமாரியில் ஒட்டினேன். முப்பது தாள் வந்தது. ஹாஜிராவை அறையின் அந்தக் கோடியில் நிற்க வைத்தேன். அவள் கண்ணை இடுக்கினால் அந்தத் தாளைக் கிழித்தேன். இதை எடுத்தால் யாராவது கேட்பார்களா என்று கேட்டுப் பார்த்து, கேட்க மாட்டார்கள் என்று பட்டால் கிழித்தேன். நான் நிறையப் படித்தவள் என்று காட்டத்தான் இது இருக்கிறது என்று தெரிந்த தாள்களைக் கிழிக்க மட்டும் ஒரு வாரம் ஆயிற்று. எங்கே பார்த்தாலும் சிவப்பு அடித்திருந்தேன், ஆபத்து ஆபத்து என்று. எல்லாமே சிவப்பாக இருந்தால் எதுவும் சிவப்பில்லை என்று ஒருநாள் தோன்றியது. இப்போது ஆறு ஸ்லைடிலும் சேர்த்து சிவப்பு ஒரே ஒரு இடத்தில்தான்.

பேச்சு வேறு. ஸ்லைடைக் கிழிக்கலாம், குரலை என்ன செய்வது? போனில் பதிந்து, வீட்டுக்குப் போகும்போது ஆலங்குளம் பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். யாரோ ஒருத்தி மூக்கால் பேசினாள். அந்த ஒருத்தி நான்தான். முதல் தடவை பதினெட்டு "அதாவது". எண்ணினேன். ஒன்றைச் சொல்லிவிட்டு அதாவது, அதை மறுபடி சொல்லிவிட்டு அதாவது. நோயாளியின் வீட்டுக்காரர்களிடம் இப்படியா பேசுவேன்? அவர்களிடம் "அம்மா, ஊசி போடப்போறேன், கையைக் குடுங்க" என்றுதானே சொல்வேன். பெரிய டாக்டர்கள் முன்னால் நிற்கும்போது மட்டும் இந்த "அதாவது" எங்கிருந்து வருகிறது? பயத்திலிருந்து வருகிறது என்று பாவூர்சத்திரம் தாண்டும்போது தெரிந்தது. அடுத்த வாரம் பதினொன்று, அதற்கடுத்து ஆறு. இப்போது சில நாள் ஒன்றுகூட இல்லை. படமும் அப்படித்தான். வார்டு இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து ஹாலையும் சேர்த்துப் பெரிதானது, வாஷ்பேசின் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. புதிய பக்கத்தில், குழந்தைகளைச் சூடாக வைக்கும் வார்மர்களிலிருந்து அதற்கு இருபத்திரண்டு அடி எடுத்து வைக்க வேண்டும், என் கால் அடி. கையில் தடவும் மருந்து ஒவ்வொரு குழந்தைக்குப் பக்கத்திலும் இருக்கிறது, ஆனால் கையில் மலமோ பாலோ பட்டால் அது போதாது, சோப்பும் தண்ணீரும்தான். இதை வார்த்தையில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், யார் முகத்திலும் ஒன்றும் அசையவில்லை. ஒருநாள் வார்மர் பக்கத்தில் மண்டிபோட்டு, குழந்தை படுத்திருக்கும் உயரத்திலிருந்து ஒரு போட்டோ எடுத்தேன். நீளமான தரை, வரிசையாக வார்மர், கடைசியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு வெள்ளையாக வாஷ்பேசின். ஹாஜிரா பார்த்துவிட்டுச் சாப்பிடுவதை நிறுத்தினாள். "இம்புட்டுத் தூரமாக்கா?" நான் அதன்மேல் ஒரு அம்புக்குறி போட்டேன், பிறகு எடுத்துவிட்டேன். பொத்தானைக் கண்டுபிடிக்கிற அந்த ஒரு நொடி அவர்களுக்கும் வேண்டும்.

கதவு திறந்தது. இல்லை, பியூன் தண்ணீர் பாட்டில் எடுக்க வந்தார். உள்ளே யாரோ சிரிக்கிற சத்தம், இட்லி என்று ஒரு வார்த்தை கேட்டது, கதவு மூடிக்கொண்டது. இன்னும் நேரமிருக்கிறது. ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம், மனசுக்குள். முதல் ஸ்லைடு, காலை 10.15, வேறொன்றும் இல்லை. பிப்ரவரி மாசம் ஒரு காலையில் நம்ம வார்டில் பதினோரு குழந்தைகள் இருந்தன. இரண்டு நர்ஸில் ஒருத்தர் பிரசவ வார்டிலிருந்து குழந்தை வாங்கக் கீழே போயிருந்தார். நன்றாக வருகிறது. இரண்டாவது ஸ்லைடு, போட்டோ. நாலாம் நம்பர் குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருக்கும்போது ஏழாம் நம்பரில் அலாரம் அடித்தது. அப்போது டியூட்டியில் இருந்த செவிலியர். அப்போது டியூட்டியில் இருந்த செவிலியர். இங்கேதான். மூன்றாவது நிமிடம். எல்லாப் பதிவிலும் இந்த இடத்தில் ஒரு மூச்சு கேட்கிறது, தண்ணீரில் குதிப்பதற்கு முன்னால் இழுப்பது மாதிரி ஒரு மூச்சு. செவ்வாய்க்கிழமை ஹாஜிரா சொன்னாள், "யக்கா, அந்த எடத்துல மட்டும் நீங்க ஸ்கிரீனப் பாக்குதீங்க. மத்த எடத்துல எல்லாம் என்னையப் பாக்குதீங்க." வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்றேன். "லைட்டு பின்னால இருக்கு," என்றாள். நான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வார்டுக்குப் போய்விட்டேன். புதன்கிழமை அந்த வரியை மாற்றிப் பார்த்தேன், பணியிலிருந்த ஊழியர், பிறகு ஒரு நர்ஸ், பிறகு ஆளே இல்லாமல், கை கழுவ முடியாமல் போயிற்று. ஆளே இல்லாத வாக்கியம் வழுவழுவென்று இருந்தது. ஏப்ரலில் நாற்பத்தியொரு ஸ்லைடும் அப்படித்தான் இருந்தன, அத்தனையிலும் ஒரு ஆள் இல்லை. இப்போது யோசித்தால் அந்த உலக உருண்டை, பறக்கும் எழுத்து, பன்னிரண்டு மாத அட்டவணை எல்லாமே பதினான்காவது வரிசையை மூடிவைக்கப் போர்த்திய துணிதானோ. ஐந்து மாதம் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே வந்ததில் கடைசியில் மிஞ்சியிருப்பது நான்.

நான்தான். வேறு யாரும் இல்லை. நாலாம் நம்பர் பையனுக்குத் துணி மாற்றினேன், கையுறை போட்டிருந்தேன், மலம் மணிக்கட்டுக்கு மேலே வழிந்துவிட்டது. ஏழாம் நம்பர் அலாரம் அடித்தது. திரும்பிப் பார்த்தால் அந்தப் பெண்குழந்தை சாம்பல் நிறமாகிக் கிடந்தது, எட்டு மாதத்தில் பிறந்தது, ஒன்றரைக் கிலோ இருக்காது. மூச்சு விட மறந்துவிட்டது, குறைமாதக் குழந்தைகள் அப்படி மறக்கும், யாராவது தொட்டு ஞாபகப்படுத்த வேண்டும். கையுறையை உருவிப் போட்டேன். வாஷ்பேசின் இருபத்திரண்டு அடி. போக இருபத்திரண்டு, வர இருபத்திரண்டு, நடுவில் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். அதை நான் யோசித்தேனா? யோசித்தேன். கால் அந்தப் பக்கம் ஒரு அடி வைத்தது, எனக்குத் தெரியும், ஒரு அடி வைத்துவிட்டுத் திரும்பினேன். பாதத்தைத் தேய்த்தேன், முதுகைத் தேய்த்தேன், நழுவியிருந்த ஆக்ஸிஜன் குழாயைச் சரிசெய்தேன், இந்தக் கையால்தான். குழந்தை இழுத்து ஒரு மூச்சு விட்டது, சிவப்பு ஏறியது. கீழே போயிருந்த நர்ஸ் வந்து "நல்ல வேளை சிஸ்டர்" என்றாள். மூன்றாம் நாள் காய்ச்சல். நாலாம் நம்பருக்கும் ஏழாம் நம்பருக்கும் ரத்தத்தில் ஒரே கிருமி, லேப் சீட்டு இரண்டும் ஒரே நாளில் வந்தன. நாலாம் நம்பர் தேறி வீட்டுக்குப் போய்விட்டான். ஏழாம் நம்பர் ஒன்பதாம் நாள் இறந்துபோயிற்று. அதுதான் அந்தப் பதினான்காவது வரிசை. கிருமி என் கையிலிருந்துதான் போயிற்று என்று எவராலும் நிரூபிக்க முடியாது. வேறு எப்படியும் போயிருக்கலாம், தாய்ப்பால் கிண்ணம் வழியாகப் போயிருக்கலாம், படுக்கைத் துணி வழியாகப் போயிருக்கலாம். நான் இதை எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும் மணிக்கட்டு ஒத்துக்கொள்ளவில்லை. டியூட்டி நோட்டில் எழுதினேன், அலாரம் அடித்தது, தூண்டிவிட்டதும் மூச்சு வந்தது. கை கழுவியது பற்றி ஒன்றும் எழுதவில்லை, கழுவாதது பற்றியும்.

இதெல்லாம் போதாதென்று ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாயைப் பார்க்கப் போனேன். இசக்கியம்மாள், பாவூர்சத்திரம் பஸ் ஸ்டாப்பிலிருந்து உள்ளே இரண்டாவது தெரு. பிள்ளையின் கதையை மீட்டிங்கில் சொல்லப்போகிறேன், அவளைக் கேட்காமல் சொல்வது சரியில்லை என்று பட்டது. ஸ்லைடில் போட்டு நாலு பேருக்குக் காட்ட அது என்ன என் வீட்டுப் பொருளா? அவள் மடியில் சொளவு முறத்தை வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள், என்னைக் கண்டதும் எழுந்து காப்பி போட்டாள். பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய் கேட்கப்போகிறோம், அதற்கு உங்க பிள்ளை கதையைச் சொல்லலாமா, பேர் சொல்ல மாட்டேன் என்றேன். "பேரு வைக்கலயே சிஸ்டர்," என்றாள். "வைக்காத பேர எப்பிடிச் சொல்லுவீங்க. சொல்லுங்க, மத்த பிள்ளையளுக்கு நல்லது நடந்தாச் சரி." அதோடு எழுந்திருக்கலாம். ஆனால் அவள் விடவில்லை. "அன்னைக்கு மூச்சு நின்னப்ப ஓடி வந்து எடுத்தது நீங்கதானாமே. எங்க அத்த சொன்னாவ. நான் ஒங்களுக்கு ஒரு நன்றிகூட சொல்லல." கையைக் கும்பிட்டாள், விரலில் புகையிலைத் தூள். நான் என்ன செய்தேன்? காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். இனிப்பு தூக்கலாக இருந்தது, நன்றாகவும் இருந்தது, முழுசாகக் குடித்தேன்.

"சிஸ்டர், வாங்க, ஒங்களத்தான்." பியூன். எழுந்தேன். இருபது வருஷ சர்வீஸ். மேட்ரன் என்ன சொல்வார்கள்? மெமோ வரும், விசாரணை வரும், நர்சிங் கவுன்சிலுக்கு எழுதுவார்களோ, பேப்பரில் வருமோ, வீட்டில் அவர் என்ன சொல்வார், சொல்லாமலேயே பேசி முடிக்கலாமே, டியூட்டியில் இருந்த செவிலியர் என்றாலும் வாஷ்பேசின் வரும்தானே, வாஷ்பேசின்தானே முக்கியம், நான் முக்கியமில்லையே, இது பெருமைக்காகச் செய்கிற வேலையோ, பெரிய உண்மைக்காரி என்று பேர் வாங்கவோ. பென்டிரைவைச் செருகினேன். தலைகீழாகப் பிடித்திருந்தேன், திருப்பிச் செருகினேன். ஒன்பது பேர். கேன்டீன் சமாசாரத்திலிருந்து இன்னும் திரும்பாத முகங்கள், ஒருவர் பிஸ்கட்டை ஒடிக்கிறார். சரி. முதல் வாக்கியம் மட்டும். முதல் வாக்கியம் வந்தால் இரண்டாவது வரும்.

"காலை பத்தேகால்," என்றேன். குரல் என் குரலாகத்தான் வந்தது. பிப்ரவரி, பதினோரு குழந்தைகள், ஒரு நர்ஸ் கீழே. பிஸ்கட்காரர் நிமிர்ந்தார். இரண்டாவது ஸ்லைடு, போட்டோ. ஒன்றும் சொல்லாமல் நின்றேன், மூன்று எண்ணுகிற வரைக்கும். டைரக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டு முன்னால் சாய்ந்தார், பொத்தானைத் தேடுகிறார், கண்டுபிடித்துவிட்டார், தெரிந்தது. நாலாம் நம்பருக்குத் துணி மாற்றும்போது ஏழாம் நம்பரில் அலாரம். அந்த மூச்சு வந்தது, இழுத்தேன், ஸ்கிரீன் பக்கம் கழுத்து திரும்பப் பார்த்தது, திருப்பவில்லை, மேட்ரனைப் பார்த்தேன். "அன்னைக்கு டியூட்டியில இருந்தது நான்," என்றேன். "கையில மலம் இருந்துச்சு. வாஷ்பேசினுக்குப் போயிருந்தா குழந்தை மூச்சு விட்டிருக்காது. நான் கை கழுவாமத் தொட்டேன். மூச்சு வந்துச்சு. மூணாம் நாள் காய்ச்சல் வந்துச்சு." மூன்றாவது ஸ்லைடு, 22. நான்காவது, இரண்டு கட்டம், நாலு, ஏழு, இரண்டுக்குள்ளும் ஒரே சிவப்புப் புள்ளி. ஐந்தாவது, பதினோரு மாதத்தில் கிருமி பிடித்த ஒன்பது குழந்தைகள், ஒன்பது வட்டம், அதில் இரண்டு கறுப்பு, இறந்துபோனவை. "நான் ஒருத்தி கவனமா இருந்தா தீருற விஷயமா இருந்தா இங்க வந்து நின்னிருக்க மாட்டேன் சார். அடுத்து ஓடப்போறது வேற ஒரு சிஸ்டர். அவளும் என்னைய மாதிரி ஒரு அடி வச்சுட்டுத் திரும்புவா." ஆறாவது, வார்டின் வரைபடம், புதிய பக்கத்தில் வாஷ்பேசின் வைக்க வேண்டிய இரண்டு இடம். முடிந்துவிட்டது.

மேட்ரன்தான் முதலில், "இதை நீங்க நோட்டுல எழுதல, சிஸ்டர்." "எழுதல மேடம்." "ஏன்?" "பயம்." குழந்தைகள் டாக்டர் சாந்தகுமாரி மேசையைப் பார்த்துக்கொண்டே, "சார், அந்த வார்டுல எல்லாரும் அப்படி ஓடியிருக்கோம். நானும் ஓடியிருக்கேன். எழுதினது இல்ல," என்றார். டைரக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கட்டட இன்ஜினியரைக் கூப்பிட்டு வரைபடத்தைக் காட்டி அங்கே தண்ணீர் போகுமா என்று கேட்டார். சுவருக்குப் பின்னால் குளியலறை பைப் போகிறது, பத்து நாளில் முடிக்கலாம் என்றார் அவர். "ரெண்டு வேண்டாம், மூணு வைங்க. நாளைக்கே ஆரம்பிங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க நடந்ததை முழுசா எழுதிக் குடுக்கணும், இன்னைக்கே. விசாரணை முடியிற வரைக்கும் வார்டு டியூட்டி கிடையாது. அந்தத் தாய்க்கு இது தெரியுமா?" தெரியாது என்றேன். "வக்கீலைக் கேட்டுட்டு நாங்க முறைப்படி சொல்லுவோம். அதுவரைக்கும் நீங்க ஒண்ணும் பேசாதீங்க." நான் தலையாட்டினேனா? ஆட்டியிருக்கலாம். மூன்று வாஷ்பேசின். சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வந்தது, ஆனால் அது வேறு யாரோ கொண்டுவந்து கொடுத்த மாதிரி கொஞ்சம் தள்ளி நின்றது. ரெக்கார்டு ரூமில் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன், எதிரில் உட்கார்ந்திருந்த ஹாஜிரா ஸ்டேப்ளரை என் பக்கம் நகர்த்தினாள். எழுதியதை மேட்ரன் மேசையில் வைத்தேன். எழுதும்போதே தெரிந்துவிட்டது. ஒன்பது பேருக்குச் சொல்லியாயிற்று, காகிதத்துக்கும் சொல்லியாயிற்று, சொல்ல வேண்டியவளுக்கு வக்கீல் கடுதாசி போய்ச் சேரட்டும் என்று விட என்னால் முடியாது. அது என்ன தப்போ அதற்கும் சேர்த்து மெமோ கொடுக்கட்டும்.

நாலரை மணி பஸ். காதில் ஒன்றும் மாட்டிக்கொள்ளவில்லை. எப்படிச் சொல்வது என்று ஓட்டிப் பார்க்க ஆரம்பித்து, இரண்டு வரியிலேயே நிறுத்திவிட்டேன், இதைப் பழகக் கூடாது. இசக்கியம்மாள் வாசலில் அதே சொளவோடு இருந்தாள், வெயில் தெருவுக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. "என்ன சிஸ்டர், சொல்லிட்டீங்களா அங்க?" சொல்லிவிட்டேன், மூணு வைக்கப்போகிறார்கள் என்றேன். "நல்லது," என்று நூலைக் கடித்தாள். நான் உட்காராமல் நின்றேன். "ஒங்ககிட்ட மொதல்ல சொல்லாம அங்க போய்ச் சொல்லிட்டேன் இசக்கியம்மா. ஒங்ககிட்டதான் மொதல்ல சொல்லியிருக்கணும்." சொன்னேன். நாலைந்து வாக்கியம்தான், படபடவென்று வந்துவிட்டது. அவள் விரல்கள் நின்றன. என் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் கையைப் பார்த்தாள், கையைத்தான் ரொம்ப நேரம் பார்த்தாள். நான் அதை மறைக்கவில்லை. "ஞாயித்துக்கெழம இத வச்சுக்கிட்டுத்தான் காப்பி குடிச்சீங்களா," என்றாள். ஆமாம் என்றேன். அவள் உதடு கோணியது, அழவில்லை. ஏதாவது எடுத்து எறிந்தால் நல்லது என்று இருந்தது. போய்விடச் சொன்னால் போய்விடலாம், நான் பை வாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "எங்க போறீங்க," என்றாள், நான் நகரக்கூட இல்லை. சொளவை மடியிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தாள், தூள் ஒட்டியிருந்த கையைச் சேலையில் துடைத்தாள். "உக்காருங்க. நீங்க வேகமாச் சொல்லிட்டீங்க, எனக்குப் பிடிபடல. என்னைய உள்ள விடவே இல்ல, கண்ணாடி வழியாத்தான் பாத்தேன், அதுவும் ரெண்டு தடவ. மூச்சு நின்னு கெடந்துச்சுன்னீங்களே, அதுல இருந்து சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க. அப்ப அதுக்குக் கண்ணு தொறந்திருந்துச்சா?" தரையில் உட்கார்ந்தேன், அவள் முழங்கால் என் முழங்காலில் இடித்தது.

"மூடியிருந்துச்சு," என்றேன். "பாதத்தத் தேய்ச்சதும் தொறந்துச்சு."